பழமும் காயும் ஒன்றாய்த் தெரியும் கண்கள்

(திருவேங்கடத்தில் நிறப்பார்வை பற்றிய கருத்தரங்கைத் தொடங்கி வைத்து ஆற்றிய தலைமை உரை)



நிறத்தைப் பற்றிப் பேச இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. இது கரிசல் பூமி. கறுத்த மண்ணில் பருத்தி வெள்ளையாய் வெடிக்கும். களத்தில் மிளகாய்ப் பழம் சிவப்பாய்க் காயும். பக்கத்தில் சங்கரன்கோவிலில் தறியில் நூல் ஓடும். இங்கே நிறம் என்பது பிழைப்போடு ஒட்டியது. அந்த நிறம் பிடிபடாத ஒரு கண்ணுக்கு இங்கே என்ன நேர்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தன் மகனை என்னிடம் அழைத்து வந்தார். "பழம் பறிக்கச் சொன்னா காயையும் சேத்துப் பறிச்சுப் போட்டுருதான் சார். வேலையில கவனமே கிடையாது" என்றார். தூரத்து எழுத்தைப் பையன் கடைசி வரி வரை வாசித்தான். பிறகு நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா புள்ளிப் படப் புத்தகத்தை விரித்தேன். முதல் பக்கத்தில் 12 என்றான். அது எல்லோருக்கும் தெரியும் பக்கம். அடுத்த பக்கத்தில் தயங்காமல் 3 என்றான். பின்னால் நின்ற தாய் பதறி, "ஏல, எட்டுல்லா இருக்கு!" என்றார். பையன் தாயைத் திரும்பிப் பார்த்தான். அவர் பார்ப்பது தனக்குத் தெரியவில்லை என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை வாங்கிய ஏச்சுக்கெல்லாம் காரணம் கவனக்குறைவு அல்ல என்பது அந்தத் தாய்க்கும் அன்றுதான் தெரிந்தது.

காரணத்துக்கு வருவோம். விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. நீண்ட அலை, நடுத்தர அலை, குட்டை அலை என ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு பகுதிக்குக் கூடுதலாக எழுச்சி கொள்ளும். மூன்றும் தரும் செய்திகளை ஒப்பிட்டே மூளை நிறத்தை அறிகிறது. முதல் இரண்டு வகைக்கான மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவை உண்டாக்கும் புரதங்கள் ஏறத்தாழ 96 விழுக்காடு ஒன்றுபோலவே இருக்கும். இவ்வளவு ஒத்த இரட்டையர் அருகருகே இருப்பதால், கருவணு உருவாகும்போது ஒன்று விட்டுப்போகவோ, இரண்டும் கலந்து புதிதாக ஒன்று உருவாகவோ வாய்ப்பு அதிகம். சிவப்பும் பச்சையும் குழம்புவதன் வேர் இதுதான்.

ஆணுக்கு எக்ஸ் ஒன்றே; அதில் பழுது இருந்தால் ஈடு செய்ய மற்றொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். வட ஐரோப்பிய மரபினரில் ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கும் பெண்களில் சுமார் அரை விழுக்காட்டினருக்கும் இக்குறை இருப்பது இதனால்தான். அந்தத் தாயிடம் விசாரித்தபோது, "எங்கப்பாவுக்கும் சேலை நிறம் சொல்லத் தெரியாது" என்றார். தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வந்திருக்கிறது. நடுவில் நின்ற தாயின் பார்வையில் ஒரு குறையும் இல்லை. இதில் யார் குற்றமும் இல்லை.

நம் வழக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தாய்மாமனுக்கு இக்குறை இருந்து, அதே மரபணுவைத் தன் தாய் வழியாகச் சுமக்கும் அக்காள் மகளை அவர் மணந்தால், பிறக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இக்குறை வர இடமுண்டு. சொந்தத்தில் மணம் முடிக்கும் ஊர்களில் 'பெண்ணுக்கு வராது' என்று சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது.

பிறவியில் வராமல் பின்னால் வருவதும் உண்டு. நீரிழிவு, கண் நீர் அழுத்தம், பார்வை நரம்பு நோய்கள் நிறத்தை மங்கச் செய்யும். காசநோய்க்குத் தரும் எத்தாம்பூட்டால் என்ற மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் மங்குவது அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அப்படித் தோன்றினால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிறவியில் வரும் குறையை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் அணுக் கொள்கை தந்த ஜான் டால்டன். 1794இல் தன் பார்வையையே ஆய்வுப் பொருளாக்கினார். கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலமாக இருப்பதே காரணம் என்று நம்பி, தாம் இறந்தபின் சோதிக்கச் சொன்னார். 1844இல் சோதித்தபோது அது தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்த அக்கண்ணின் மரபணுவை 1995இல் ஆராய்ந்து, நடுத்தர அலைக் கூம்பு அவருக்கு இல்லை என்று கண்டார்கள். அவர் சொன்ன காரணம்தான் பிழை. தன் கண்ணுக்கு நிறம் எப்படித் தெரிகிறது என்று அவர் சொன்னது உண்மை.

கண்டறியும் முறைகளில் ஒன்று நெசவாளர்களுக்கு நெருக்கமானது. 1875இல் சுவீடனின் லாகர்லுண்டாவில் நடந்த ரயில் விபத்துக்குப் பின், ஹோல்ம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர் சாயம் ஏற்றிய கம்பளி நூல் கண்டுகளைக் கொடுத்து, ஒத்த நிறத்தைப் பொறுக்கச் சொல்லி ரயில் ஊழியர்களைச் சோதித்தார். 1917இல் ஜப்பானின் ஷினோபு இஷிஹாரா புள்ளிப் படங்களை வெளியிட்டார். நிறங்களை வரிசைப்படுத்தும் ஃபார்ன்ஸ்வொர்த் சோதனை, ரயில்வேயின் விளக்குச் சோதனை, குறையின் அளவைத் துல்லியமாகச் சொல்லும் அனோமலாஸ்கோப் ஆகியவையும் உள்ளன. இஷிஹாரா படத்தை நல்ல பகல் வெளிச்சத்தில், முக்கால் மீட்டர் தூரத்தில் காட்ட வேண்டும். பதிலுக்கு மூன்று விநாடி போதும். கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது.

இத்தனை எளிய சோதனையை நாம் எப்போது செய்கிறோம்? படித்து முடித்து, தேர்வெழுதி, வேலை ஆணை கைக்கு வரும் நேரத்தில். நம் மாநில மின் உற்பத்தி, பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வான இளைஞர் ஒருவருக்கு மருத்துவப் பரிசோதனையில் இக்குறை தெரியவந்து வேலை மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம், பொருத்தமான பிரிவில் அவரைப் பணியமர்த்த உத்தரவிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இக்குறை இல்லை என்றாலும், நியாயமான ஏற்பாடு செய்து தரும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு என்றது தீர்ப்பு. அதற்கு முன்பே, லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தர 2020 ஜூனில் விதி திருத்தப்பட்டது. புனே திரைப்படக் கல்லூரியின் கதவும் 2022இல் உச்ச நீதிமன்றத்தால் திறந்தது.

ரயில் இயக்கம் போன்ற சில பணிகளில் நிறம் தப்பினால் உயிர் போகும். அங்கே கண்டிப்பு வேண்டும். ஆனால் எந்த வேலைக்கு எவ்வளவு நிறப்பார்வை தேவை என்று அளந்து பார்க்காமல் எல்லாக் கதவையும் அடைப்பது நீதியாகாது. அந்த அளவுகோலை வகுப்பது ஆய்வாளர்களாகிய நம் பொறுப்பு. இந்த அரங்கின் அமர்வுகள் அதற்கு வழி காண வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் நிறத்தோடு கோடும் புள்ளியும் சேருங்கள். கரும்பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியைத் தவிருங்கள். 'நிறக்குருடு' என்ற சொல்லை வகுப்பில் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை குருடு அல்ல. பள்ளியில் சேர்ந்த சில ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, ஒரு தடவை இஷிஹாரா காட்டச் செய்யுங்கள். எழுத்தறியாத பிள்ளைக்கும் கோட்டின்மேல் தூரிகை ஓட்டிக் காட்டும் பக்கங்கள் அதில் உண்டு. பிள்ளை எந்தப் படிப்பை எடுப்பது என்று முடிவு செய்யும் முன்னே பெற்றோர் கையில் அந்த விவரம் இருக்க வேண்டும்.

அன்று அந்தப் பையனிடம், "பழத்தை எப்படிடா கண்டுபிடிப்பே?" என்று கேட்டேன். "தொட்டுப் பாத்தா தெரியும் சார், பழம் கொஞ்சம் மெத்துனு இருக்கும்" என்றான். கண் தராததை விரலால் அவனே தேடிக்கொண்டிருந்தான். அப்படித் தனியாகத் தடவித் தேடும் நிலை இன்னொரு பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை என்று கூறி, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.