பணம் அனுப்பும் மகளும் ஒரு பெண்தான்



ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள லக்கி பிளாசாவுக்குச் சென்றிருந்தால் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பணம் அனுப்பும் கடைகளில் பிலிப்பீன்ஸ் பெண்களின் நீண்ட வரிசை. ஊருக்கு அனுப்பப் பெரிய அட்டைப் பெட்டிகள். சவர்க்காரம், சாக்லேட், டின் உணவு, பிள்ளைக்குக் காலணி என்று பார்த்துப் பார்த்து அடுக்குவார்கள். ‘பாலிக்பாயன்’ பெட்டி என்று அதற்குப் பெயர். கப்பலில் ஊர் போய்ச் சேரப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் பிள்ளையின் கால் வளர்ந்துவிடுவதும் உண்டு.

1974ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் மூலம் பிலிப்பீன்ஸ் அரசாங்கம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை முறைப்படுத்தியது. 1988இல் அதிபர் கோரசோன் அக்கினோ, ஹாங்காங்கில் இல்லப் பணிப்பெண்களைச் சந்தித்தபோது அவர்களைப் புதிய நாயகர்கள் என்று போற்றினார். பட்டம் பெருமைதான். ஆனால், சுமை பெரிது.

மூத்த மகளை அங்கே ‘ஆத்தே’, அதாவது அக்கா என்பார்கள். தம்பியின் படிப்பு, தந்தையின் மருந்து, வீட்டுக் கூரை எல்லாம் பல வீடுகளில் அவள் தலையில்தான். பெற்றோருக்குப் பட்ட நன்றிக்கடனை ‘உத்தாங் நா லோஓப்’ என்பார்கள். பணம் இல்லை என்று சொன்னால், நன்றி கெட்டவள் என்ற பழிச்சொல் வரும்.

தாயானவளின் நிலை இன்னும் கடினம். இங்கே பிறர் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். அங்கே அவள் பிள்ளை, வளர்க்கும் பாட்டியையே ‘நானாய்’, அதாவது அம்மா என்று அழைப்பதும் உண்டு. சிங்கப்பூரில் பணிப்பெண்ணாக வேலை பார்ப்பவர் குடும்பத்தை அழைத்து வர முடியாது. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும்.

ஊருக்கு அவள் வருமானம். வேலை செய்யும் வீட்டுக்கு அவள் உதவி. அவள் அவளாக இருப்பது எப்போது? ஓய்வு நாளில்தான். 2013இல் வார ஓய்வு நாள் சட்டமானது. ஆயினும் அதற்குப் பதில் பணம் கொடுக்க இடமிருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்டக் கூடாது என்ற விதி 2023இல்தான் வந்தது. அந்த நாளில்தான் அவள் தன் மொழியில் சிரிக்கிறாள், தேவாலயம் போகிறாள், தோழியோடு சண்டையும் போடுகிறாள்.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்து, ஊருக்கு மணியார்டர் அனுப்பிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா! உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெண் இருந்தால், இன்றிரவு அவள் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். பிறகு, பிள்ளையோடு பேச அவளுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.