பின்பக்கம் எவ்வளவு உயரம்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"தொழிலைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஃபார்முலா எதுவும் கிடையாது, பயப்பட வேண்டாம்.

என் பட்டறை அத்திப்பட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் 1994-ல் மின்சாரம் தர ஆரம்பித்த வடசென்னை அனல் மின் நிலையம். இன்னொரு பக்கம் 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம். இன்று அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிக்கப் வண்டிகள் புகுந்து புகுந்து ஓடும். பாதி வண்டிகளுக்குப் பின்பக்கம் தரையைத் தொடும், முன் விளக்கு வானத்தைப் பார்க்கும். ஓனர் வந்து நிற்பார்: "அண்ணே, பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துத் தூக்கிக் குடுங்க." இப்போது சிலர், "ஆம்னி பஸ்ல இருக்கற மாதிரி பலூன் வெச்சிடலாமா?" என்றும் கேட்கிறார்கள்.

பஸ்ஸில் அது எப்படி வேலை செய்கிறது? பட்டைக் கட்டுக்குப் பதில் ரப்பர் பலூனில் காற்று. சேசிஸில் ஒரு லெவலிங் வால்வு, அதன் கையிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு சின்ன ராடு. ஆள் ஏறினால் சேசிஸ் இறங்கும், ராடு வால்வின் கையை மேலே தள்ளும், பலூனுக்குள் காற்று போகும். பழைய உயரம் வந்ததும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். இறங்கினால் இதற்கு நேர்மாறு. உயரத்தை மாற்ற வேண்டுமென்றால் அந்த ராடின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றுச் சரிபார்த்து, டேங்கில் காற்று நிரம்பிய பிறகு, கம்பெனி சொன்ன இடத்தில், பெரும்பாலும் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே, அளக்க வேண்டும். மட்கார்டிலிருந்து தரைக்கு டேப் பிடிப்பது கல்யாண போட்டோவுக்குச் சரி. இன்னொன்று, ஸ்டாண்டு வைக்காமல் யாரும் அடியில் படுக்காதீர்கள். பலூனில் காற்று இறங்கினால் வண்டியே மேலே உட்காரும்.

பிக்கப்புக்கு வருவோம். பட்டையை எடுக்காமல் பக்கத்தில் துணைக்கு வைக்கும் பலூன் வெளிநாட்டில் சர்வசாதாரணம். காலி வண்டியில் 5 பிஎஸ்ஐ, லோடுக்குத் தக்கபடி 100 வரை என்று காற்று அடிப்பார்கள். வண்டி அழகாக நிமிர்ந்து நிற்கும். சிக்கலே அங்கேதான்.

பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கு மேலே எல்எஸ்பிவி என்று ஒரு வால்வு இருக்கும். லோடைப் பார்த்துப் பின் பிரேக்கை அளக்கிற வால்வு. அதற்குக் கண்ணா இருக்கிறது? சேசிஸ் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துத்தான் லோடைத் தெரிந்துகொள்கிறது. இறங்கினால் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம். இறங்காவிட்டால் காலி வண்டி என்று நினைத்து, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடாமல் இருக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும். பட்டை சேர்த்தோ பலூன் வைத்தோ தூக்கிவிட்டோமானால், ஒன்றரை டன் கம்பி ஏற்றினாலும் அதற்குக் காலி வண்டிதான்.

வேறொரு பட்டறையில் பட்டை சேர்த்த வண்டி ஒன்று என்னிடம் வந்தது. "முன் பிரேக் பேட் சீக்கிரம் சீக்கிரம் தேயுது, லோடோட பிரேக் அடிச்சா நிக்க மாட்டேங்குது" என்றார் டிரைவர் தம்பி. முதல் நாள் வல்லூர்ப் பக்கம் ஒரு டிரெய்லருக்குப் பின்னால் ஒரு முழம் விட்டு நின்றிருக்கிறார். பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. ஆக்சில் ராடை யாரும் பார்க்கவில்லை. சேர்த்த பட்டையைக் கழற்றி, சேவை நூலில் உள்ளபடி ராடைச் சரிசெய்து, பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தோம். முன் பிரேக்கின் பாரம் குறைந்தது. ஓனருக்கு மட்டும் முகம் வாடிவிட்டது, வண்டி மறுபடி இறங்கி நிற்கிறதே!

அவரிடம் சொன்னேன்: பட்டை களைத்துப் போயிருந்தால் அதே அளவில் புதுக் கட்டு போடுங்கள். களைத்த பட்டையும் ஆபத்துதான். காலி வண்டியே இறங்கி நிற்கும், வால்வு லோடு என்று நம்பும், மழையில் பின் சக்கரம் வழுக்கும். பலூன்தான் வேண்டுமென்றால், அந்த வண்டிக்கு அதை வைத்தால் வால்வை எப்படி அமைப்பது என்று கம்பெனியில் எழுதி வாங்கி வாருங்கள், மாட்டித் தருகிறேன். கம்பெனியிலேயே ஏர் சஸ்பென்ஷனோடு வரும் பெரிய வண்டிகளில் உயரம் மாறுவதே இல்லை. அதனால் லோடு அளவைப் பலூனுக்குள் இருக்கும் காற்றழுத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். பிக்கப்பில் நாம் பலூனை மட்டும் கடன் வாங்குகிறோம், அந்த ஏற்பாட்டை வாங்குவதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையையும் பலூன் கூட்டித் தராது. ஆக்சில், பேரிங், டயர் எல்லாம் பழையவைதானே?

அவர் இன்னும் கம்பெனிக் கடிதத்தோடு வரவில்லை.

வெளியே மூன்று பிக்கப் நிற்கிறது, பார்த்தேன். யாருடையது என்று தெரியாது. சாப்பாட்டுக்கு அப்புறம் வந்தால் அந்த ராடைக் காட்டுகிறேன், டார்ச் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.