இளைத்த தொடையும் இறுக்கிய பட்டையும்

பந்தாட்டத்தில் என் முழங்காலின் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சை செய்து புதிய நார் பொருத்தினர். சில வாரங்களில் அத்தொடை இளைத்துவிட்டது. தசை வளரப் பெரும்பளு தூக்கவேண்டும். தூக்கினாலோ புதிய நார் தாங்காது. இச்சிக்கலுக்கு விடை எங்கே பிறந்தது தெரியுமா?

1966-இல் ஜப்பானில் யோஷியாக்கி சாட்டோ என்னும் இளைஞர் பௌத்தச் சடங்கொன்றில் நெடுநேரம் மண்டியிட்டு அமர்ந்திருந்தார். கால் மரத்தது, கெண்டைக்காலோ கடும்பயிற்சி செய்தாற்போல் விம்மியது. குருதியோட்டம் குன்றியதே காரணமோ என்று ஐயுற்ற அவர், கட்டுகள் கட்டித் தம்மீதே பல்லாண்டு சோதித்தார். 1973-இல் பனிச்சறுக்கில் தம் முழங்கால் நார் சிதைந்தபோதும் அம்முறையையே கைக்கொண்டார்.

எனக்கும் தொடையின் மேற்பகுதியில் காற்றுப்பட்டை கட்டினர். அப்போது தமனிக் குருதி குறைந்து வரும்; சிரைக் குருதி திரும்பாது தேங்கும். உயிர்வளி குன்றுவதால் தசை சிறுபளுவுக்கே கடுமையாக உழைக்கும். ஒருவர் தூக்கவல்ல உச்சப் பளுவில் 20 முதல் 30 விழுக்காடே போதும். 30, 15, 15, 15 முறை என்று காலால் பளுவைத் தள்ளினேன். தொடை எரிந்தது, மூட்டு நோகவில்லை.

குருதிக்குழாயில் உறைகட்டி கண்டவர்க்கு இம்முறை ஆகாது. அழுத்தமும் ஆளுக்கு ஆள் அளந்தே வைக்கப்படும். ஆகவே வீட்டில் கயிறு கட்டிப் பார்க்காதீர்கள்.

மரத்த காலை நாமெல்லாம் உதறிவிட்டு எழுகிறோம். ஒருவர் "ஏன்?" என்று கேட்டார், இன்று நான் மாடிப்படி ஏறுகிறேன்.