கொடைப் பட்டியலும் கொடையின் அளவும்

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு என்று அறிய விரும்புவது மனித இயல்பு. அமெரிக்க நாட்டில் இக்கேள்விக்கு விடை காண்பதற்கென்றே கணினித் தகவல் களஞ்சியங்களை அமைத்தனர். இந்தியானா பல்கலைக்கழகத்தின் அறக்கொடை ஆய்வுப் பிரிவு தொகுத்த ‘மில்லியன் டாலர் பட்டியல்’ அவற்றுள் ஒன்று. 2000-ஆம் ஆண்டு முதல் பொதுவில் அறிவிக்கப்பட்ட, ஒரு மில்லியன் டாலருக்குக் குறையாத கொடைகள் அதில் இடம்பெற்றன. கொடையாளியின் பெயர், பெற்ற நிறுவனம், இடம், நோக்கம், தொகை என எதைக் கொண்டும் இத்தகைய களஞ்சியங்களில் தேடலாம். நிதி திரட்டுவோர்க்கும் ஆய்வாளர்க்கும் இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், தேடியவுடன் திரையில் தோன்றும் எண்ணை அப்படியே நம்பிவிடுதல் தகாது. முதலாவதாக, அறிவித்த தொகை வேறு; கைக்கு வந்த தொகை வேறு. பத்து ஆண்டுகளில் தருவதாக ஒருவர் நூறு மில்லியன் டாலர் வாக்களித்தால், வாக்களித்த ஆண்டிலேயே முழுத் தொகையும் பதிவாகிவிடக் கூடும். இரண்டாவதாக, ஒரே பணம் இருமுறை எண்ணப்படலாம். செல்வர் ஒருவர் தம் அறக்கட்டளைக்கு வழங்குவது ஒரு பதிவு. அதே பணத்தை அறக்கட்டளை ஒரு மருத்துவமனைக்கு வழங்குவது மற்றொரு பதிவு. மூன்றாவதாக, கொடுத்தவர் பெயர் வெளிவராமலே போகலாம். தனியார் அறக்கட்டளைகள் தாம் வழங்கும் ஒவ்வொரு நிதியையும் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குக் காட்டவேண்டும். அந்தப் படிவத்தை எவரும் பார்வையிடலாம். ஆனால், பொதுமக்களிடம் நன்கொடை பெறும் அற நிறுவனங்கள் தம் கொடையாளர்களின் பெயர்களை மக்களுக்கு வெளியிடவேண்டிய கட்டாயம் அங்கு இல்லை.

பெயர் மறைத்துக் கொடுத்தவர்களுள் தலைசிறந்தவர் சக் ஃபீனி. வரியில்லாப் பொருள்களை விற்கும் கடைகளால் பெருஞ்செல்வம் ஈட்டிய அவர், 1982-ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பின்னர்த் தம் தொழிற்பங்கு ஏறத்தாழ முழுவதையும் அதற்கே உரிமையாக்கினார். பணம் எங்கிருந்து வந்தது என்பதை வெளியிடலாகாது என்பதே பெறுவோர்க்கு விதித்த நிபந்தனை. கட்டடங்களில் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. தம் கடைப் பங்குகள் கைமாறியபோது உண்மை வெளிவரும் நிலை ஏற்படவே, 1997-ஆம் ஆண்டில் அவரே அதனை வெளிப்படுத்தினார். அதுவரை பதினைந்து ஆண்டுகளாக எந்தப் பட்டியலைத் தேடியிருந்தாலும் அந்தப் பெரும் வள்ளலின் பெயர் கிடைத்திராது. எட்டு பில்லியன் டாலருக்கும் மேல் வழங்கி முடித்து, 2020-ஆம் ஆண்டில் அவ்வறக்கட்டளை தன் பணியை நிறைவு செய்தது. வாடகைக் குடியிருப்பில் எளிய வாழ்வு வாழ்ந்த ஃபீனி 2023-ஆம் ஆண்டில் மறைந்தார்.

பட்டியலில் இடம்பெறாத இன்னொருவரும் உண்டு. அவர் பெயரை எவரும் மறைக்கவில்லை, தொகைதான் எட்டவில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் ஹேட்டிஸ்பர்க் நகரைச் சேர்ந்த கறுப்பின மூதாட்டி ஓசியோலா மெக்கார்ட்டி, பிறர் துணிகளை வெளுத்துப் பிழைத்தவர். நோயுற்ற உறவினரைப் பேணுவதற்காக ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சிறுகச் சிறுக வங்கியில் சேர்த்ததை எப்படிப் பங்கிட விரும்புகிறார் என்று கேட்டு, வங்கி அலுவலர் அவர் முன் பத்து நாணயங்களை வைத்தார். ஒன்றைத் தம் திருச்சபைக்கும், மூன்றை உறவினர் மூவர்க்கும் ஒதுக்கிய அம்மூதாட்டி, எஞ்சிய ஆறினையும் தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்திற்கென நகர்த்தி வைத்தார். 1995-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அக்கொடை 1,50,000 டாலர். வசதியற்ற மாணவர் படிப்பதற்கு உரியது. அப்போது அவருக்கு வயது 87. செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கானோர் தம் பங்கையும் அந்நிதியில் சேர்த்தனர். அவ்வாண்டே அதிபர் கிளிண்டன் அவருக்குக் குடிமக்கள் பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தினார்.

மில்லியனைத் தகுதியாக வைத்துத் தேடும் கணினிக்கு இந்த அம்மையார் தென்படமாட்டார். தொகையைக் கணக்கிடத் தெரிந்த இயந்திரத்திற்கு, பத்தில் ஆறு பங்கு என்பதன் பொருள் விளங்குவதில்லை.

அப்படியானால் பட்டியலே வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். வேண்டும், அன்பர்களே! கட்டாயம் வேண்டும். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அறக்கட்டளைகளைக் கடுமையாக விசாரித்தது. அங்குச் சாட்சியமளித்த கார்னகி அறக்கட்டளையின் தலைவர் இரசல் லெஃபிங்வெல், அறக்கட்டளைகளின் சட்டைப் பை கண்ணாடியால் ஆனதாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். உள்ளே இருப்பதை எவரும் காணலாம் என்பது அதன் பொருள். அந்த ஐயப்பாட்டுக் காலத்தின் விளைவாகவே 1956-ஆம் ஆண்டில் அறக்கட்டளைகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டி மக்கள் பார்வைக்கு வைக்கும் நூலகம் ஒன்று நியூயார்க்கில் உருவாயிற்று. இன்றைய கணினிக் களஞ்சியங்களுக்கு அதுவே முன்னோடி.

பெயரை வெளியிடுவதும் மறைப்பதும் கொடுப்பவரின் விருப்பம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பது அவருக்குப் பெருமையே. ஆனால், ஊரார் பணத்தைக் கையில் ஏந்தி நிற்பவருக்கு அந்த உரிமை இல்லை. வந்தது எவ்வளவு, போனது எங்கே என்று காட்டவேண்டியது அவர் கடமை. கொடுப்பவர் மறையலாம், பெறுபவர் மறைத்தலாகாது.

ஆகவே, கொடைப் பட்டியலைத் தேடுவோர் அதனைக் கணக்கேடாகக் கொள்வாராக. மனிதரின் மனத்தை அளக்கும் கோலாகக் கொள்ளற்க. தொகையைக் கண்டு வியப்பதற்கு முன், அது சேர்ந்ததா, யாருக்குப் பயன்பட்டது என்று வினவுவாராக. பட்டியலுக்கு வெளியே நிற்கும் எத்தனையோ கைகளுக்கும் ஒரு வணக்கம் செலுத்துவாராக.

அனைவருக்கும் எல்லா நலனும் பெருகுக.