உதவித்தொகை யாருடைய தேவைக்கு?

தொழிற்பயிற்சிக்கு அரசு வழங்கும் உதவித்தொகைகளைத் தொழில்துறையின் தேவையோடு பொருத்த வேண்டும் என்ற குரல் ஆட்சியாளர்களிடமிருந்து ஓங்கி ஒலிக்கிறது. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். வேலை உள்ள தொழிலைக் கற்பிப்பதை எந்தத் தொழிலாளியும் எதிர்க்கப் போவதில்லை. ஆனால் அது எவருடைய தேவை, அதைத் தீர்மானிப்பவர் எவர் என்ற இரு கேள்விகள் இந்தப் பேச்சில் மறைக்கப்படுகின்றன. கொல்கத்தாவின் கிடர்பூர் வட்டாரம் இவற்றுக்கு விடை தரும்.

கிடர்பூர் கப்பல்துறை 1892இல் திறக்கப்பட்டது. அருகிலுள்ள கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தை ஒன்றிய அரசு 1960இல் எடுத்துக்கொண்டது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான ‘அஜய்’ 1961இல் அங்கிருந்துதான் கடற்படைக்குச் சென்றது. இன்னொரு புறம் மெட்டியாபுருஸ். அவத்தின் ஆட்சியை இழந்த நவாப் வாஜித் அலி ஷா 1856இல் அங்கு வந்து தங்கினார். இன்று அப்பகுதி ஆயத்த ஆடை உற்பத்தியின் பெரும் மையம். ஆக, ஒரே வட்டாரத்தில் பெரும் பொதுத்துறை நிறுவனமும், வீடுகளுக்குள் நடக்கும் தையல் கூடங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. இவ்விரு உலகங்களிலும் நுழையும் இளைஞருக்குச் சட்டம் என்ன தருகிறது?

தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. அதன் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர் என்கிறது. பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்ற சில ஏற்பாடுகள் நீங்கலாக, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. 22ஆம் பிரிவின்படி, பயிற்சி முடித்தவருக்கு வேலை தரும் பொதுவான கடமை முதலாளிக்கு இல்லை. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், பழகுநரை வேலைக்கு எடுப்பது பற்றிய கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக விண்ணப்பிப்பவரைவிடப் பயிற்சி முடித்த பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1995இல், உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் கூறியது. அந்த முன்னுரிமை சட்டத்தின் உறுதியான உரிமையாக இன்னும் எழுதப்படவில்லை.

2019ஆம் ஆண்டு விதிகள், 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்றன. ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை 7,000 ரூபாய் என்றும் வகுத்தன. இதை 26 வேலைநாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 270 ரூபாய்கூட இல்லை. 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் 36 சதவீத உயர்வைப் பரிந்துரைத்தது. அந்தக் கணக்கிலும் நாளொன்றுக்கு 370 ரூபாயைத் தாண்டாது. முழுநேரம் உழைக்கும் இளைஞரின் உழைப்புக்கு இதுவே விலை. மூலதனத்துக்குத் தேவைப்படுவது பயிற்சி பெற்ற கைகள் மட்டுமன்று. அவை மலிவாகவும், எளிதில் மாற்றத்தக்கனவாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதன் தேவை.

மெட்டியாபுருஸ் தையல் கூடங்களின் நிலை வேறு. நான்கு பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடம் இந்தப் பழகுநர் ஏற்பாட்டுக்குள் வருவதே இல்லை. வீட்டில் பொத்தான் தைத்து, நூல் கத்தரிக்கும் பெண்களும், உஸ்தாகரிடம் தொழில் பழகும் சிறுவர்களும் எந்த உதவித்தொகைக் கணக்கிலும் பழகுநர் ஆவதில்லை. அதிகம் பேருக்குப் பிழைப்பு தரும் தொழிலே, தேவைப் பட்டியலில் இடம்பெறாத தொழிலாகிவிடுகிறது.

மாநில அரசின் உதவித்தொகைகள் இந்த இடைவெளியை நிரப்புகின்றனவா? மேற்கு வங்கத்தின் கன்யாஸ்ரீ திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. பள்ளி மாணவியருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயும், 18 வயதில் மணமாகாமல் கல்வியிலோ தொழிற்பயிற்சியிலோ தொடர்பவருக்கு ஒருமுறை 25,000 ரூபாயும் தருகிறது. தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டம் (2022), தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024) ஆகியவற்றில் ஐடிஐ மாணவர்களும் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். இவை பயனுள்ளவை, பிள்ளைகளைப் படிப்பில் நிறுத்தி வைக்கின்றன. எனினும், தையல் இயந்திரத்தில் அமர்ந்தால் கிடைக்கும் கூலியை இழந்து வகுப்புக்கு வரும் இளைஞருக்கு இந்தத் தொகை ஈடாகாது. பயிற்சி முடிந்த மறுநாள் அவர் எங்கே போவார் என்பதற்கும் இத்திட்டங்களில் விடை இல்லை.

இந்நிலையில் ஒன்றிய அமைச்சரவை 2025 மே மாதம் 1,000 அரசு ஐடிஐக்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதில் ஒன்றிய அரசின் பங்கு 30,000 கோடி, மாநிலங்களின் பங்கு 20,000 கோடி, தொழில் நிறுவனங்களின் பங்கு 10,000 கோடி. ஆறில் ஒரு பங்கு தருபவர்களின் தலைமையிலான தனி அமைப்புகளிடம் செயலாக்கம் ஒப்படைக்கப்படுகிறது. ஆறில் ஐந்து பங்கு மக்கள் பணம். பணம் மக்களுடையது, தேவையைத் தீர்மானிக்கும் அதிகாரம் முதலாளிகளுடையது. தேவையோடு பொருத்துவது என்பதன் உண்மைப் பொருள் இதுவே.

1866இல் முதலாம் அகிலத்தின் ஜெனீவா மாநாட்டுப் பிரதிநிதிகளுக்கு மார்க்ஸ் எழுதிய குறிப்புகள், உழைப்பையும் கல்வியையும் இணைக்க வேண்டும் என்றன. உற்பத்தி முறைகளின் பொதுக் கோட்பாடுகளை இளம் தொழிலாளி அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒரே இயந்திரத்துக்கு ஒருவரைப் பழக்கிவிட்டு, அந்த இயந்திரம் மாறும்போது அவரை வெளியேற்றுவது அதற்கு நேர் எதிரானது. கையாலும் தோளாலும் சரக்கு இறக்கிய துறைமுகத் தொழிலாளர்கள், கிரேனும் கன்டெய்னரும் வந்தபோது கிடர்பூரில் மட்டுமல்ல, உலகத் துறைமுகங்கள் அனைத்திலும் இதை அனுபவித்தார்கள்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். பழகுநர் உதவித்தொகை குறைந்தபட்ச ஊதியத்தோடு இணைக்கப்பட்டு, விலைவாசிக்கேற்ப உயர வேண்டும். பயிற்சி முடித்தவருக்கு, முதலில் பொதுத்துறையில், வேலையில் முன்னுரிமை சட்டமாக்கப்பட வேண்டும். வீடுசார் தொழில்களில் கற்பவருக்கும் அரசு நேரடியாக உதவித்தொகையும் சான்றிதழும் வழங்க வேண்டும். ஐடிஐ நிர்வாக அமைப்புகளில் தொழிற்சங்கத்துக்கும் மாணவருக்கும் இடம் வேண்டும்.

தோழர்களே, இந்தப் பிரச்சனை கிடர்பூரோடு நிற்பதன்று. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் திருப்பூரிலும் இதே பழகுநர்கள் நிரந்தரத் தொழிலாளிக்கு அருகில் நின்று வேலை செய்கிறார்கள். ஆலைவாயிலில் சங்கம் அவர்களைச் சந்திக்க வேண்டும். எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கை ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் திரட்ட வேண்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தும் இயக்கமே, தேவை என்ற சொல்லை முதலாளிகளிடமிருந்து மீட்டெடுக்கும்.