மூன்று காடுகளைத் தாண்டும் சாலை



கோவையிலிருந்து காரில் கிளம்பினால் அருமையான ஒரு சுற்று இருக்கிறது. சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழியாகச் சாம்ராஜ்நகர். அங்கிருந்து குண்டல்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, கூடலூர், ஊட்டி. பிறகு மேட்டுப்பாளையம் இறங்கினால் மறுபடி கோவை. சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை என்று மூன்று புலிகள் காப்பகங்கள் இந்தச் சுற்றில் வருகின்றன. பந்திப்பூர் 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதே அதில் சேர்ந்த காடு. முதுமலை 2007-இலும், சத்தியமங்கலம் 2013-இலும் காப்பகங்கள் ஆயின.

இந்தப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று பார்க்கிறார்கள். நான் கடிகாரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கும். 2009-இல் வந்த தடை இது. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. திம்பம் சாலையில் 2022 பிப்ரவரியில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, இரவுத் தடை நடைமுறைக்கு வந்தது. காரணம் எளிது. யானையும் மானும் சிறுத்தையும் உணவுக்கும் தண்ணீருக்கும் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் கண் கூசி அப்படியே நின்றுவிடுகிற விலங்கு, வேகமாக வரும் லாரிக்குத் தப்புவதில்லை.

ஆனால் இதே சாலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுற்றுலா போகிறவர்களிடம் அதை யாரும் சொல்வதில்லை. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, கர்நாடக எல்லையை ஒட்டித் தாளவாடி இருக்கிறது. ஈரோடு மாவட்டத்து ஊர்தான். ஆனால் மாவட்டத்தின் மற்ற ஊர்களுக்கு இறங்க வேண்டுமென்றால் காட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். தக்காளியும் முட்டைக்கோஸும் பறித்து மாலையில் வண்டி ஏற்றினால்தான் விடியற்காலைச் சந்தைக்குப் போய்ச் சேரும். இரவுத் தடை வந்தபோது அங்குள்ள விவசாயிகள் போராடினார்கள். பிறகு உள்ளூர்க்காரர்களுக்குச் சில தளர்வுகள் கிடைத்தன. வனவிலங்குகளுக்காகத் தடை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் சுமையை அதிகம் தாங்குகிறவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிற நாம் அல்ல, அங்கேயே குடியிருக்கிறவர்கள் என்பதிலும் சந்தேகமில்லை.

சாலைக் கஷ்டத்தோடு அவர்கள் பாடு முடிவதில்லை. மக்காச்சோளமும் வாழையும் கரும்பும் விளையும் காலத்தில் இரவெல்லாம் வயலில் காவல் இருக்க வேண்டும். "கருப்பன்" என்று ஊரார் பெயர் வைத்த ஓர் ஆண் யானை தாளவாடிப் பக்கம் நெடுநாள் அலைந்தது. பல முயற்சிகளுக்குப் பிறகு 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்துப் பிடித்து, வேறு காட்டுக்குக் கொண்டு போனார்கள். யானையை வெறுத்துப் பேசுகிறவர்களை அந்த ஊர்களில் அதிகம் பார்க்க முடியாது. பயிர் போனதற்கு நஷ்டஈடு எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள்.

யானை சாலைக்கு வந்து நிற்பதில் நம் பங்கும் இருக்கிறது. ஆசனூருக்கு அப்பால் காரப்பள்ளம் சோதனைச் சாவடி அருகே கரும்பு லாரிகளுக்காக யானைகள் காத்து நிற்கும். ஒரு காலத்தில் ஓட்டுநர்கள் வீசிப்போட்ட கட்டுகள்தான் அந்தப் பழக்கத்தை உண்டாக்கின. குட்டியோடு வரும் தாய் அதைக் குட்டிக்கும் பழக்குகிறது. திம்பம் வளைவுகளில் குரங்குக்குப் பொரியும் பிஸ்கட்டும் போடுவதும் இதே வேலைதான். இரக்கத்தில் போடுவதாக நினைக்கிறோம். கையேந்தி நடுச்சாலைக்கு வந்த குரங்கு அடுத்த வண்டியில் அடிபட்டுச் சாகிறது. தயவுசெய்து எதையும் போடாதீர்கள். யானை சாலையில் நின்றால் தள்ளியே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், இறங்கிப் படம் எடுக்கவே வேண்டாம். உள்ளூர்ப் பேருந்து ஓட்டுநர் எப்போது நகர்கிறாரோ, அப்போது நகருங்கள்.

தங்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுமலையை ஒட்டிய மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ப் பகுதி, யானைகள் காலங்காலமாக நடந்து போகும் வழித்தடம். அங்கே விடுதிகள் முளைத்து, வேலி போட்டு, வழியை அடைத்தன. தமிழக அரசு 2010-இல் அந்த வழித்தடத்தை அறிவித்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானைமேல் எரியும் டயரை வீசினார்கள். அந்தக் காயங்களோடு அது இறந்துபோனது. அந்தக் காணொளியைப் பார்த்த யாரும் அதை மறந்திருக்க முடியாது. ஆகவே அறை எடுக்கும்போது வாடகையை மட்டும் விசாரிக்காதீர்கள். அனுமதி பெற்ற விடுதியா, இரவு சஃபாரி என்று ஆசை காட்டுகிறார்களா என்று கேளுங்கள். அப்படி ஆசை காட்டினால் அந்த இடம் வேண்டாம். தெப்பக்காட்டில் வனத்துறையே வண்டியில் காட்டுக்குள் அழைத்துப் போகிறது, அது போதும்.

பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை காடு காய்ந்து கிடக்கும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பெருந்தீ பரவியது. அந்த மாதங்களில் சாலையோரம் அடுப்பு மூட்டுவதும், அணையாத பீடியை எறிவதும் குற்றமென்றே கருதுங்கள்.

நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டில்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவுகள். சரிவு மிகக் கடுமை. விபத்துகள் நடந்ததால் வெளியூர் வண்டிகளுக்கு அங்கே இறங்கக் கட்டுப்பாடு உண்டு. கூடலூர் வழியே போவதுதான் சரி.

கடைசியாக, குண்டல்பேட்டையை அடையும்போது இருட்டிவிட்டால், ஒன்பதுக்குள் காட்டைத் தாண்டிவிடலாம் என்று வண்டியை விரட்டாதீர்கள். அந்த அவசரத்தில்தான் மான்கள் அடிபடுகின்றன. அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்குங்கள். இரவே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, காலை ஆறு மணிக்குச் சாவடி திறந்ததும் புறப்பட்டால், அவசரமே இல்லாமல் காலைச் சாப்பாட்டுக்குக் கூடலூர் போய்ச் சேரலாம்.