துயரத்தைச் செல்வமாக்கிய இசை



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இசையைப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் வினவலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. நம்மில் சிலர் விரும்பிக் கேட்டுவரும் புளூஸ் இசை, ஒடுக்கப்பட்ட மக்கள் தம் துயரத்தையே உலகின் செல்வமாக்கிய வரலாறாகும்.

அமெரிக்காவில் 1865ஆம் ஆண்டு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. எனினும் மிசிசிப்பிப் பருத்தி வயல்களில் கறுப்பின மக்கள் வாரத்துக்கு உழுது கடனில் உழன்றனர். அவர்களுடைய வயற்பாட்டின் வழிவந்ததே புளூஸ். ஓர் அடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவர். குரல் ஓயும் இடத்தில் கிதார் மறுமொழி சொல்லும். ஒருத்தி சொல்லெடுக்க மற்றவர் ஏற்றழும் நம் தாய்மார் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த செவிக்கு இது அயலானதன்று.

1920இல் மேமி சுமித் பாடிய புளூஸ் இசைத்தட்டு பெருவெற்றி பெற்றது. 1923 முதல் பெஸ்ஸி சுமித்தின் தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன. ஆயினும் அவருக்குக் கிடைத்தது பாட்டுக்கு இவ்வளவு என்ற கூலியே; விற்பனையில் பங்கில்லை. பாடத் தெரிந்தால் மட்டும் போதாது, ஒப்பந்தத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தேவாலயத்தார் பலர் புளூசைச் சாத்தானின் இசை என்று ஒதுக்கினர். கற்றோர் சிலர் நாணினர். ஆனால் 1943இல் வயலை விட்டுச் சிகாகோ சென்ற மடி வாட்டர்ஸ், அதனை மின்கிதாரில் முழங்கச் செய்தார். 1999இல் மிசிசிப்பியில் பிறந்த கிங்ஃபிஷ் என்னும் இளைஞர், 2022இல் புளூசுக்கே கிராமி விருது பெற்றார். பழைய வேர் இன்றும் துளிர்க்கிறது.

நம் பறைக்கு வருவோம். சாவுக்குப் பறையடிப்பது சாதியின் கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டது. 'இனி அடியோம்' என்று பறையைக் கீழே வைத்த பெரியோர் கலையை இகழ்ந்தாரல்லர், அடிமைத்தனத்தை மறுத்தார்கள். அம்மறுப்பை நாம் வணங்குகிறோம். அவர்கள் பெற்றுத்தந்த விடுதலையால்தான், இன்று விரும்புவோர் நிமிர்ந்து நின்று அதனை ஏந்த முடிகிறது.

முனைவர் கே.ஏ. குணசேகரன் (1955–2016) நாட்டுப்புற இசையை ஆய்ந்தார். மேடையில் பாடவும் செய்தார். கல்வியும் கலையும் அவரிடம் ஒன்றாயின. 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராக் இசையையும் இணைத்தது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லே அதன் பெயருக்கு ஊற்று. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

இளைஞர்களே! புளூசைக் கேளுங்கள், அக்காதோடு உங்கள் பாட்டியின் ஒப்பாரியையும் கேளுங்கள். களமருதூரிலும் சுற்றூர்களிலும் பாடத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே, அவர்கள் இசைவு பெற்று, பாடியவர் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்யுங்கள், எழுதி வையுங்கள். எழுத்தறிவைத் தந்த இச்சங்கத்திற்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவாகட்டும்.

வாழ்க கல்வி! வளர்க நம் கலை!